சுவரைத் தொட்டியா?

வில்லாபுரம், மதுரை
17.8.2025

அன்பு மகள் ஜெனிக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். ஆக்லாந்தில் இப்போது குளிர்காலம் என்று தம்பி ஜெய்சன் சொன்னான். தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா? இதைப் போனிலேயே கேட்டிருக்கலாமே என்பாய். அப்பா பேச்சை எடுத்தாலே "மீட்டிங்மா, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாதல்லவா, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

போன வெள்ளிக்கிழமை வக்கீல் சங்கத்தில் அப்பாவின் படத்தைத் திறந்து வைத்தார்கள். கறுப்புக் கோட்டும் கழுத்துப் பட்டையுமாக, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற அந்தப் படம்தான். ஒரு வக்கீல் எழுதி வைத்ததை வாசித்தார். முப்பத்தெட்டு வருட சிவில் வழக்கு அனுபவம், வாய்தாவே கேட்காத வக்கீல் என்றெல்லாம் சொல்லிவிட்டு, "மாநில நீச்சல் போட்டியில் தங்கப் பதக்கம் பெற்றவர் நம் சத்தியசீலன்" என்று முடித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அப்பா இருந்திருந்தால் அந்த இடத்திலேயே திருத்தியிருப்பார். அவர் இல்லாததால் நான் எழுந்தேன். "ஐயா, செயிச்சது நெசம். ஆனா மெடலத் திருப்பிக் குடுத்துட்டாரு. அதையும் சேத்துப் படிங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் எழுதுகிறேன், எழுதுகிற நேரமாவது அவர் பக்கத்தில் இருப்பார். டி. கல்லுப்பட்டிப் பக்கம் தோட்டத்துக் கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவர், கல்லூரிக்காக 1979-இல் சென்னையில் இருநூறு மீட்டர் நீந்தினார். கடைசித் திருப்பத்தில் கை சுவரில் படவில்லை, அரைச் சாண் முன்னாலேயே திரும்பிவிட்டார். நடுவர் கவனிக்கவில்லை. முதலாவதாக வந்தாரென்று அவர் கழுத்தில் பதக்கத்தைப் போட்டும் விட்டார்கள். ஒரு மணி நேரம் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நேரே நடுவரிடம் போய், "சார், நான் சுவரத் தொடல" என்று கழற்றிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று தன்னைப் பற்றிச் சொன்ன முதல் செய்தியே இதுதான். பிழைக்கத் தெரியாத ஆள் என்று என் அப்பா முணுமுணுத்தார். எனக்கோ அதைக் கேட்டதுமே பிடித்துப்போயிற்று.

அதற்கப்புறம் எதற்கெடுத்தாலும் "சுவரத் தொட்டியா?" தான். வேலையை முழுசாக முடித்தாயா என்று அர்த்தம். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டேன் என்று சொன்னால்கூட எனக்கு அந்தக் கேள்வி வரும். குமாஸ்தா சின்னக்கருப்பன் சேர்ந்த முதல் நாள் நினைவிருக்கிறதா? மனுவைத் தாக்கல் செய்துவிட்டதாக வந்து சொன்னவரிடம் அப்பா வழக்கம்போலக் கேட்டிருக்கிறார். பாவம், கோர்ட்டில் அப்படி ஒரு சம்பிரதாயம் உண்டு போல என்று நினைத்துக்கொண்டு திரும்ப ஓடி, காம்பவுண்டுச் சுவரைத் தொட்டுவிட்டு வந்து, "தொட்டுட்டேண்ணே, ரெண்டு கையாலயும் தொட்டுட்டேன்" என்றாராம். படத்திறப்பில் இதைச் சொல்லிச் சிரிக்க வைத்தவர், அப்படியே தேம்பி அழுதுவிட்டார்.

அழகர்கோவில் பக்கத்திலிருந்து சோலையம்மாளும் வந்திருந்தாள். பதினொரு வருடம் வண்டிப்பாதைக்காக வழக்கு நடத்தினாளே, அவள்தான். தீர்ப்பு வந்த பிறகும் அப்பா ஊருக்கே வந்து, பாதையை மறித்த வேலியைப் பிரிக்க வைத்து, அவள் அந்தப் பாதையில் தோட்டம் வரை நடந்து திரும்புவதைப் பார்த்துவிட்டுத்தான் காரில் ஏறினாராம். "எம்புட்டு வெயிலு, அசையாம நின்னாருத்தா" என்றாள். ஒரு பை மொச்சை கொடுத்தாள். அதை உரித்து வைத்திருக்கிறேன், குழம்பு வைக்கத்தான் மனசு வரவில்லை.

குளித்துவிட்டு வந்தால் காதில் போன தண்ணீருக்காக அப்பா ஒற்றைக் காலில் தொம் தொம்மென்று குதிப்பாரே, வாளித் தண்ணீரில் குளித்தாலும் குதிப்பாரே. வீடு இடியப் போகிறது என்று முப்பது வருடம் திட்டினேன். இப்போது அந்தச் சத்தம் ஒருமுறை கேட்டால் போதும் என்றிருக்கிறது. இம்மாதிரி ஏங்குவேன் என்று நானே நினைக்கவில்லை, ஜெனி.

சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன். ரெண்டு வருடம் அவரிடம் ஜூனியராக இருந்துவிட்டு, நீ அங்கே வேலைக்குப் போகிறேன் என்ற அன்று, எல்லா ஜூனியர்கள் முன்னாலும் "பாதியில திரும்புறவளுக்கு மெடல் கெடையாது" என்று சொல்லிவிட்டார். தப்புதான். நீயும் நாலு வருடம் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் இறந்தபோது டிக்கெட் கிடைக்கவில்லை என்றாய். தான் பார்த்தபோது இருந்தது என்று ஜெய்சன் சொன்னான். நான் அதை உன்னிடம் கேட்கவில்லை.

பக்கவாதம் வந்த பிறகு டாக்டர் வீட்டுக்குள்ளேயே நடக்கச் சொன்னார். கட்டிலிலிருந்து முன்னறைச் சுவர் வரை போவார், இடது கையால் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்புவார். நான் ஓரமாக நின்று எண்ண வேண்டும். விரல் நுனி மட்டும் பட்டால் "அது செல்லாது தெரசா" என்று மறுபடியும் போய் முழுக் கையையும் வைப்பார். வெள்ளைச் சுவரில் உள்ளங்கை அளவுக்கு அழுக்கு படிந்து நிற்கிறது.

கடைசி வியாழக்கிழமை அந்தச் சுவரில் கையை ஊன்றியபடியே நின்றுவிட்டார். மூச்சு வாங்குகிறதாக்கும் என்று நாற்காலியைக் கொண்டுபோனேன். திரும்பாமலே சொன்னார்: "ஜெனி பாதியில திரும்பல. நான்தான் சுவரத் தொடல. அவகிட்ட சொல்லிரு." நீங்களே சொல்லுங்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை உனக்கு லீவு, அன்றைக்குப் போன் போடுகிறேன் என்றார். கோர்ட்டில் வாய்தா கேட்காத மனிதர், பெற்ற மகளிடம் பேசுவதற்கு வாங்கிய ஒரே வாய்தா அது. சனிக்கிழமை காலையில் போய்விட்டார்.

பத்து மாதமாக இதை உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். நீ வராத கோபம். அப்பன் வருந்தினான் என்று தெரியாமலே கிட என்றிருந்தேன், பெற்றவள் நினைக்கிற நினைப்பா இது? படத்திறப்பில் மைக் இல்லாமல் எழுந்து ஊரைத் திருத்தப் போனேனே, வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை. நானும் சுவரைத் தொடாதவள்தான். என்னை மன்னித்துவிடு.

அக்டோபர் பன்னிரண்டில் அப்பாவுக்கு ஆண்டுத் திருப்பலி. அதற்கு முன் வெள்ளையடிக்க அழகுபாண்டி வந்து பார்த்தான். அந்த அழுக்கை மட்டும் விட்டு அடித்தால் சுவர் அசிங்கமாகத் தெரியுமே அம்மா என்கிறான். முன்னறையைக் கடைசியாக அடிக்கலாம், மகள் வருவாள் என்று சொல்லியிருக்கிறேன்.

உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ரெண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பினாலும் சரி. அப்பாவின் ஆசீரும் என் ஆசீரும் உனக்கு எப்போதும் உண்டு. வா, தாயே. வந்து சுவரைத் தொட்டுவிட்டுப் போ.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா
தெரசா சத்தியசீலன்