சித்திரையில் புதுத்தண்ணி

காப்பியைப் பூக்க வைக்கும் பூ மழை பெய்து ஒரு வாரமாகிறது. இன்று காலை கதவைத் திறந்ததும் காப்பிப் பூ வாசம் வீட்டுக்குள் வந்துவிட்டது. மேட்டுத் தோட்டம் முழுக்க வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. இந்த வாசம் வந்தால் எனக்கு மீன் ஞாபகம் வரும். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். உங்களுக்குத்தான் தெரியும். அதனால், நீங்கள் இல்லாவிட்டாலும் உங்களுக்கே எழுதுகிறேன்.

கல்யாணமாகி நான் இந்த மலைக்கு வந்தபோது நீங்கள் எஸ்டேட்டில் ரைட்டர். ஆட்களின் பேர் எழுதுவதும் துரைக்குப் பதில் சொல்வதும் உங்கள் வேலை. நான் காவிரிக்கரைக்காரி. வெயிலும் மணலும் ஆறும் பார்த்து வளர்ந்தவளுக்கு இங்கே எங்கு திரும்பினாலும் பனி. துவைத்த சேலை காயவே காயாது. காலெல்லாம் அட்டை. மீன் என்றால் கடைத்தெருக் கருவாடுதான். காப்பிப் பழம் பறிப்பு முடிந்த ஒரு தை மாதத்தில் உங்களிடம் நேராகவே சொல்லிவிட்டேன்: “என்னால இங்க இருக்க முடியலீங்க. அடுத்த தடவை ஊருக்குப் போனா அங்கயே இருந்துக்கறேனுங்க.”

நீங்கள் கோபப்படவில்லை. “உங்க ஆத்துல மீனு எப்ப அம்முணி நல்லாக் கெடைக்கும்?” என்று கேட்டீர்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. நான் என்ன பேசுகிறேன், இந்த மனுசன் என்ன கேட்கிறார்! “புதுத்தண்ணி வந்தா மீன் ஏறுமுங்க. கூடையிலயே அள்ளலாம்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நீங்கள் பயணத்துக்குத் திட்டம் போட்டிருக்கிறீர்கள். கார்த்திகையிலிருந்து தை வரை பறிப்பு, லீவே கிடையாது. மாசியும் பங்குனியும் எல்லோரும் பூ மழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாதங்கள். துரையிடம் வாய் திறக்க முடியாது. பூ மழை பெய்து தோட்டம் வெளுத்துவிட்டால் அவர் முகம் மலர்ந்திருக்கும், கேட்டது கிடைக்கும். அப்படித்தான் ஒரு சித்திரைக் காலையில் பெரிய கூடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றீர்கள். “பொறப்படு அம்முணி, புதுத்தண்ணி வந்துருச்சு!”

நானும் நம்பினேன். ஆறு இந்த வருசம் முன்னாலேயே பெருகிவிட்டது போலிருக்கிறது, சேலத்து வண்டிக்காரர் யாராவது சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். என் துணிமணி ஒன்று விடாமல் மூட்டை கட்டினேன். நீங்கள் அதைப் பார்த்தீர்கள். மூட்டையை எடுத்து உங்கள் தோளில் போட்டுக்கொண்டீர்கள்.

சேலம் வரை நடை, அதற்கு மேல் மாட்டுவண்டி. ஆற்றங்கரை ஏறிப் பார்த்தால் அக்கரை வரைக்கும் மணல். நடுவில் வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது மேட்டூரில் அணை கட்டவில்லை. குடகில் மழை கொட்டினால்தான் எங்கள் ஆற்றில் வெள்ளம். மலைக்காரரான உங்களுக்கு வருசத்தின் முதல் மழை ஓடையில் இறங்கினால் அது புதுத்தண்ணி. எங்களுக்கோ ஆடியில் செக்கச் செவேலென்று வரும் வெள்ளம்தான் புதுத்தண்ணி. கூடையோடு நின்ற உங்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் என் அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. “ஏனுங்க மாப்ள, இத்தன தூரம் வந்துட்டீங்க, கூடை நெறைய மணலாச்சும் அள்ளிக்கிட்டுப் போங்க!”

நீங்களும் கூடச் சேர்ந்து சிரித்தீர்கள். பார்க்கப் பாவமாக இருந்தது. அதனால் உங்களை அம்மன் மடுவுக்குக் கூட்டிப்போனேன். பாறைக்கடியில் கோடையிலும் வற்றாத பள்ளம் அது. அம்மனுக்கு விட்ட மீன் என்று யாரும் அதில் வலை போட மாட்டார்கள். வெள்ளக் காலத்தில் அங்கே ஒன்றுமே கண்ணுக்குத் தெரியாது. அன்று அடிமணல் வரைக்கும் தெளிந்திருந்தது. நீங்கள் பாறைமேல் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தீர்கள்.

கெண்டைகள். ஒவ்வொன்றும் கைக்குழந்தை கனம் இருக்கும். எல்லாம் தண்ணீர் வரும் திசைக்கு முகத்தை வைத்து, வாலை மட்டும் லேசாக ஆட்டிக்கொண்டு, கூட்டம் கூட்டமாக நின்றிருந்தன. ஒன்று திரும்பினால் செதில் முழுக்க வெயில் பளீரென்று அடித்தது. அவற்றுக்கும் கீழே, இருட்டு தொடங்கும் இடத்தில், வெள்ளத்தில் வந்த மரக்கட்டை ஒன்று கிடக்கிறது என்று நினைத்தோம். அது மெதுவாக நகர்ந்தது. வாளை!

“அட சாமீ” என்றீர்கள். பிறந்ததிலிருந்து நான் பொரி போட்ட மடு அது. உங்கள் பக்கத்தில் படுத்துப் பார்த்தபோதுதான் எனக்கே உடம்பு சிலிர்த்தது. அத்தனை பெரிய ஆற்றின் உயிரெல்லாம் ஒரு பள்ளத்துக்குள் ஒதுங்கிக்கொண்டு, எங்கோ பெய்யப்போகும் மழைக்காகக் காத்திருக்கிறது.

“இதையெல்லாம் உட்டுப்போட்டா அம்முணி அந்தப் பனிக்கு வந்தெ?” என்றீர்கள். “நீ இங்கயே இரு. நான் வந்து வந்து பாத்துக்கறேன்.”

வீம்புக்குச் சொல்லவில்லை. அங்கேயே விரல் மடக்க ஆரம்பித்துவிட்டீர்கள். “பூ மழைக்குப் பொறவு தெளிஞ்ச தண்ணி பாக்க வருவேன். ஆடியில புதுத்தண்ணிக்கு வருவேன், அதையாவது ஒழுங்கா. புரட்டாசியில உங்க ஊட்டுல மீனே திங்கமாட்டீங்க, இருந்தாலும் வருவேன். கார்த்திகையில…” விரல் அப்படியே நின்றுவிட்டது. கார்த்திகை, மார்கழி, தை. பறிப்பு மாதங்கள். “அந்த மாசமெல்லாம் மீனு எப்படி?” என்று கேட்டீர்கள். பார்வை மடுவிலேயே இருந்தது. குரல்தான் உங்கள் குரலாக இல்லை.

என்னைப் போக விடுவதற்காகவா இந்த மனுசர் துரையிடம் நின்று லீவு வாங்கினார் என்று உங்கள் முகத்தையே பார்த்தேன். எங்கள் ஆற்றில் வெள்ளம் வடிந்த பிறகு, கார்த்திகையில்தான் கெளுத்தி கொழுத்துக் கிடக்கும். சொல்லவில்லை.

“அப்ப ஒண்ணுங் கெடைக்காதுங்க” என்றேன். “ஆடிக்கு ரெண்டு பேருமா வரலாங்க.”

வந்தோம். செம்மண் வெள்ளத்தில் மதகுக் கல்லை மீன்கள் தாவித் தாவி ஏறியதைப் பார்த்து நீங்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினீர்கள். அதற்குப் பிறகு எத்தனை சித்திரை, எத்தனை ஆடி! பறிப்புக் காலத்தில் மட்டும் போனதே இல்லை.

நீங்கள் போன பிறகு என் தம்பி மலைக்கு வரும்போதெல்லாம் விடாமல் ஊருக்குக் கூப்பிடுகிறான். “இங்க ஆரு இருக்கறாங்கக்கா? கார்த்திகையில நம்ம ஊட்டுக்கு வந்து தங்குங்க, கெளுத்தி நொம்ப நல்லாருக்கும்.”

“கார்த்திகையில ஏதுடா மீனு?” என்கிறேன். ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்தவன், என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறான்.