ஒரு விரல் உட்பட

அன்புள்ள உங்களுக்கு,

‘அன்புள்ள கணவருக்கு’ என்று தொடங்கித்தான் இத்தனை நாளும் எழுதினேன். இன்று கை அங்கே போகவில்லை, அதனால் ‘உங்களுக்கு’ என்றே இருக்கட்டும். நாங்கள் இரண்டு பேரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. இதுவும் உங்கள் கம்பெனியில் யாருடைய மேசை டிராயரிலாவது போய்ப் படுத்துக்கொள்ளுமோ என்னவோ, தெரியாது. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. யாரையும் கூப்பிடாதே, நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போன அதே குழாய்தான். நான்கு வருடம் பக்கெட் வைத்துப் பார்த்துவிட்டு, போன மாதம் நானே வாஷர் வாங்கி மாற்றினேன். பத்து நிமிட வேலை. அலமாரிக் கதவு மட்டும் இன்னும் சாத்தச் சாத்தத் திறந்துகொள்கிறது. இதெல்லாம் சொல்ல இந்தக் கடிதம் இல்லை. நம் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவள் இப்போது பதினொன்றாம் வகுப்பு. உங்கள் உயரம் வந்துவிட்டது, உங்கள் பிடிவாதமும். பள்ளியின் தொடர் ஓட்டக் குழுவில் நான்காவதாக, கடைசி நூறு மீட்டர் ஓடுகிறவள் அவள்தான். ஓடுகிறவள் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். மூன்று வாரமாக ஓடவில்லை.

அதற்கு முன் ஒரு விதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் பள்ளிகளுக்கிடையே கால்பந்து இறுதிப் போட்டியில், கோல் போட்ட பையன்கள் தங்கள் வழக்கப்படி மண்டியிட்டுக் கடவுளுக்கு நன்றி சொன்னார்கள். பதில் கோல் போட்டவர்கள் வேண்டுமென்றே அவர்கள் முன்னால் போய் நின்று தங்கள் கடவுளைக் கும்பிட்டார்கள். அடுத்த ஐந்தாவது நிமிடம் பெற்றவர்கள் நாற்காலியைத் தூக்கிவிட்டார்கள். ஒரு குழந்தைக்குத் தலையில் ஏழு தையல். அதன் பிறகுதான் எல்லாப் பள்ளிகளும் சேர்ந்து ஒரு விதி கொண்டுவந்தன: எந்தப் போட்டியிலும் வழிபாட்டுச் சைகை காட்டினால் தகுதி நீக்கம். வீட்டாரைப் பார்த்துக் கையசைப்பது போன்ற மற்றக் கொண்டாட்டத்துக்கு எச்சரிக்கை மட்டும். எழுதியது நான்தான். பி.டி. டீச்சர்களில் கையெழுத்து நன்றாக இருப்பதில் வரும் தொல்லை இது.

வழிபாட்டுச் சைகை என்றாலே போதுமே என்று எங்கள் தலைமை ஆசிரியை சொன்னார். போதாது, பிள்ளைகள் வக்கீலைவிட நன்றாக வாதாடுவார்கள் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ‘வானத்தை நோக்கி ஒரு விரல் உயர்த்துவது உட்பட’ என்று பேனாவை அழுத்திச் சேர்த்தேன். அந்த ‘உட்பட’ என்னுடையது. எழுதும்போது மற்றவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் மனதில் இருந்தார்கள் என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

போட்டி அன்று முடிவுக் கோட்டில் நிற்க வேண்டிய நடுவருக்குக் காய்ச்சல். என்னை நிற்கச் சொன்னார்கள். என் பெண் ஓடுகிறாளே என்றேன். உங்கள் அணி நான்காவதாக வந்தாலே அதிகம், பேசாமல் நில்லுங்கள் என்று சிரித்தார்கள். அன்று காலையில்தான் நீளம் தாண்டுதலில் வேறு பள்ளிப் பெண் ஒருத்தி மணலில் நெற்றி வைத்து எழுந்ததற்கு நான் தகுதி நீக்கத்துக்கான மஞ்சள் கொடியைத் தூக்கியிருந்தேன். அவள் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து அழுதாள். அவளுடைய அம்மா மதியம் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நம் பெண் கையில் பேட்டன் வரும்போது மூன்று பேர் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். எப்படி ஓடினாள் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. கடைசி பத்து மீட்டரில் எல்லாரையும் தாண்டி வந்தாள். நான் நடுவர் என்பதை மறந்து வாயைத் திறந்துவிட்டேன். கோட்டைத் தாண்டினாள், நின்றாள், வலது கையைத் தூக்கி வானத்தைப் பார்த்து ஒரே ஒரு விரலைக் காட்டினாள்.

மூத்த நடுவர் அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அந்த அம்மாவும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மஞ்சள் கொடியைத் தூக்கினேன். என் கைதான் தூக்கியது. அதை வேறு யார் மேலும் போட எனக்கு வழியில்லை.

மேல்முறையீட்டுக்கு அரை மணி நேரம் தருவார்கள். வேதியியல் ஆய்வகத்தில் வைத்து விசாரித்தார்கள். மூன்று பேர், அதில் தலைவர் நல்ல மனிதர். அவளைக் காப்பாற்றத்தான் கேட்டார். “யாருக்கும்மா விரலைக் காட்டின? வீட்டு ஆளுங்க யாராவது வந்திருந்தாங்களா?” ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எச்சரிக்கையோடு முடிந்திருக்கும். வெற்றி நிலைத்திருக்கும், நான்கு பிள்ளைகளும் மாநிலப் போட்டிக்குப் போயிருப்பார்கள். அவள் சுவரோரம் நின்ற என்னை ஒரு தரம் பார்த்தாள். “கடவுளுக்குத்தான் சார்” என்றாள்.

பரீட்சைக்குக்கூடக் கும்பிடாதவள். காலை வழிபாட்டில் எல்லாரும் கண்ணை மூடும்போது இவள் மட்டும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்கு எத்தனையோ புகார் வந்திருக்கிறது.

மறுநாளே அவள் கையைத் தூக்கிய படம் எல்லாருடைய போனிலும் ஓடியது. ஒரு கூட்டம் அவளைப் பெரிய பக்தை ஆக்கிவிட்டது. இன்னொரு கூட்டம் அவளையும் என்னையும் சேர்த்து வாய்க்கு வந்தபடி பேசுகிறது. ஒருவர் வீடு தேடி வந்து பொன்னாடை போர்த்தவே பார்த்தார். வாசலிலேயே அனுப்பிவிட்டேன். அவள் குழுவில் முதலில் ஓடும் பெண் ஒரு தையல்காரரின் மகள், விளையாட்டு இட ஒதுக்கீட்டில் கல்லூரியில் சேரலாம் என்று இருந்தவள். அவளும் மற்ற இருவரும் இவளோடு பேசுவதில்லை. நான் அந்தத் தையல் கடை வழியாக இப்போது போவதில்லை.

போன ஞாயிறு காலை, அவள் ஓட்டக் காலணியைக் கழுவி, பேப்பரில் சுற்றி, பரணில் போட ஏணியை இழுத்துக்கொண்டிருந்தாள். எதற்கடி பொய் சொன்னாய் என்று அப்போதுதான் கேட்டேன். ஏணியில் ஏறி, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“ஏர்போர்ட்ல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு அப்பா ஒரு விரலைக் காட்டினாரும்மா. ஒரே வருஷம், வந்துடறேன்னு. நீ அப்ப பையைத் தேடிட்டு இருந்த. நானும் ஒரு விரலைக் காட்டினேன். ஒரு வருஷம் முடிஞ்சதும் மறுபடி ஒண்ணுல இருந்து எண்ணுவேன். ஜெயிச்சா அவருக்குக் காட்டணும்னு நினைச்சிருந்தேன். நான் காட்டினது சாமி இருக்கிற பக்கம் இல்லம்மா. அப்பா போன பக்கம்.”

அதை அங்கேயே சொல்லியிருக்கலாமே என்றேன். சொன்னால், அப்பா எங்கே, எப்போது வருவார் என்று கேட்பார்களே, அத்தனை பேர் முன்னால் அதற்கு என்ன சொல்வது என்று கேட்டாள். கடவுள் என்றால் யாரும் எப்போது வருவார் என்று கேட்க மாட்டார்களாம். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இனி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன் உங்கள் அறைப் போனுக்குக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தார். ‘அவர் வேலைக்குப் போயிருக்கிறார், யார் பேசுவது?’ என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. குழந்தையைச் சமாதானப்படுத்தும் அவசரத்தில் ‘அப்பா இதோ வந்துடுவார்’ என்று அவர் சொன்னதும் கேட்டது. தப்பான நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன். நம் பெண்ணிடம் சிக்னல் கிடைக்கவில்லை என்றேன். ஆக, இந்த வீட்டில் பொய் சொன்னவள் அவள் மட்டும் இல்லை.

நான் சண்டை போட எழுதவில்லை. சண்டை போடும் வயசும் ஆசையும் அந்தப் போனோடு போய்விட்டன. அழுதேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அது என் பாடு.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அவளுக்கு உங்கள் கையால் இரண்டு வரி எழுதுங்கள். வருவீர்கள் என்றால் எந்த மாதம் என்று எழுதுங்கள். வரப்போவதில்லை என்றால், ‘எண்ணினது போதும், விரலை இறக்கிவிடும்மா’ என்று எழுதுங்கள். அதை நான் சொன்னால் கேட்க மாட்டாள், நான் கொடியைத் தூக்கியவள். நீங்கள் சொன்னால் ஒரு வாரம் அழுவாள், பிறகு ஏணியை எடுப்பாள். காலணியைப் பரணில், ஏணியில் ஏறினதும் கைக்கு எட்டுகிற ஓரத்திலேயே நகர்த்தி வைத்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். கடவுள் எந்தப் பக்கம் இருந்தாலும், நீங்கள் எல்லாரும் நன்றாக இருங்கள். அந்தக் குழந்தை உட்பட.

இப்படிக்கு,
அவள் அம்மா