கஜக்கோலும் நாலு விரலும்

நேற்று வெள்ளையடிப்பதற்காக பீரோவை நகர்த்தினார்கள். அதன் பின்னாலிருந்து நீங்கள் துணி அளந்த இரும்புக் கஜக்கோல் ணங்கென்று தரையில் விழுந்தது. பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாமா என்று மருமகள் கேட்டாள். ஒரு பாவமும் அறியாத பெண். அவள் மீது எரிந்து விழுந்துவிட்டேன். கோபம் அவள் மீது இல்லை. உங்கள் மீது, இரண்டு அரசாங்கங்களின் மீது. நீங்கள் கண்ணை மூடி இத்தனை வருஷமாகியும் அது ஆறவில்லை.

திருவெள்ளறையில் உங்கள் பங்குக்கு வந்த வயலை விற்று ரங்கூனில் வாங்கிய துணிக்கடை நம்முடையது. எகிப்து சூயஸ் கால்வாயை எடுத்துக்கொண்டது என்று ரேடியோவில் கேட்ட அன்று, கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தீர்கள். "அவன் மண்ணு, அவன் தண்ணி. வெள்ளைக்காரனுக்கு அங்க என்ன வேலை?" என்றீர்கள். நானும் சந்தோஷமாகத்தான் அந்த டீயைக் குடித்தேன். நம் சுதந்திரத்துக்குப் பத்து வயதுகூட ஆகாத காலம். நாமும் இன்னொருவர் மண்ணில்தான் கடை போட்டிருக்கிறோம் என்பது இருவருக்குமே தோன்றவில்லை.

எட்டு வருஷம் கழித்து பர்மா அரசாங்கம் கடைகளையெல்லாம் நாட்டுடைமை ஆக்கியது. பட்டாளத்துக்காரர்கள் வந்து நம் கடை வாசலில் அவர்கள் பலகையை மாட்டினார்கள். நீங்களே அவர்களை உள்ளே அழைத்துப் போய், எந்த அலமாரியில் என்ன துணி என்று காட்டினீர்கள், சம்பந்தம் பேச வந்தவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுவதுபோல. ஊருக்குக் கப்பலேறும்போது துறைமுகத்தில் என் தோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். இந்தக் கோலை மட்டும் ஒருவன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வெறும் இரும்பு என்று உங்கள் கையில் கொடுத்தான். அவனுக்கும் நீங்கள் நன்றி சொன்னீர்கள்.

ஸ்ரீரங்கத்தில் ஒற்றை அறை கிடைத்தது. தெற்கு வாசலுக்கு வெளியே பிளாட்பாரத்தில் பிட் துணி விற்க உட்கார்ந்தீர்கள். அந்தச் சமயத்தில்தான் பர்மாவிலிருந்து வந்தவர்கள் மன்னார்புரத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். வக்கீல் ஒருவர் சட்டத்தை விளக்கினார். ஒரு நாடு தன் எல்லைக்குள் இருக்கும் எந்தச் சொத்தையும் எடுத்துக்கொள்ளலாம், அது அதன் இறையாண்மை என்றார். வெளிநாட்டுக்காரரின் சொத்தானால் அதற்கு நியாயமான ஈடு தரவேண்டும் என்பது சர்வதேசச் சட்டமாம். எது நியாயம் என்பதில் நாடுகளுக்குள்ளேயே சண்டையாம். அந்த ஈட்டைக் கேட்கிற உரிமையும் நம்முடையதில்லை. நம் அரசாங்கம் நமக்காகக் கேட்கலாம், விருப்பமில்லையென்றால் கேட்காமலும் இருக்கலாம். கேட்கச் சொல்லி மனு கொடுப்பதற்குத்தான் அங்கே கையெழுத்து வாங்கினார்கள்.

நீங்கள் பேனாவைத் தொடவில்லை. "கால்வாய்க்கு ஒரு நியாயம், என் கடைக்கு ஒரு நியாயமா?" என்று என்னிடம் கேட்டீர்கள். அது வக்கீலின் காதில் விழுந்துவிட்டது.

"கால்வாய்க் கம்பெனிக்காரங்களுக்கு ஈடு குடுக்க ஒப்புக்கிட்டு வருஷமாச்சுங்க. அவங்க கேட்டாங்க, கெடச்சுது," என்றார்.

போர்க்கப்பல் வைத்திருக்கிற நாட்டுக்காரனுக்குச் சொத்துரிமை. அவனுக்கு எதிராக டீ வாங்கிக் கொடுத்துக் கொண்டாடியவனுக்குப் பிளாட்பாரம். நான் போடுகிறேன் கையெழுத்து என்று எழுந்தேன். கடை யார் பேரில் இருந்தது என்று கேட்டார்கள். அந்தக் கடையின் தையல் மிஷினை மிதித்து மிதித்துக் கால் தேய்ந்தவள் நான். பேர் உங்களுடையது. நீங்களோ செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டீர்கள். பஸ் ஸ்ரீரங்கம் வந்து சேரும்வரை உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் வந்தார் அளவை இன்ஸ்பெக்டர். நாம் ரங்கூனில் இருந்தபோதே நம் நாட்டில் கஜம் போய் மீட்டர் வந்திருந்தது. உங்களுக்குக் கை பழகியது கஜக்கோல்தான். அதிலேயே அளந்து, மீட்டருக்குக் குறையக் கூடாதென்று ஒவ்வொரு கஜத்துக்கும் நாலு விரல் சேர்த்து விடுவீர்கள். வாங்குகிறவர்களுக்கெல்லாம் அது தெரியும். விரலெல்லாம் சட்டப்படி அளவே இல்லை, கோல் செல்லாது, கொடுங்கள் என்று இன்ஸ்பெக்டர் அதைப் பிடித்து இழுத்தார்.

பட்டாளத்துக்கு அலமாரியைத் திறந்து காட்டிய மனுஷன், அன்று கோலின் மறுமுனையை விடவில்லை.

"அந்த ஊர்ல கேட்டாங்க, கடையையே குடுத்தேன். அவங்க மண்ணு. இது என் ஊரு. இங்கயும் குடுன்னா நான் எங்கதாங்க போறது?"

நீங்கள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கூட்டம் கூடிவிட்டது. இனி இதில் அளக்கக் கூடாது என்று எச்சரித்துவிட்டு அவர் போனார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவர், சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்த மனு போயிடுச்சா?" என்று கேட்டீர்கள். போய்விட்டது என்றேன். நம் பேர் இல்லாமல் போயிருந்தது. பேர் கொடுத்தவர்களுக்கும் எனக்குத் தெரிந்து ஒன்றும் வரவில்லை. அதனால் என் மனம் ஆறிவிடுமா? கேட்டாவது இருக்கலாம். கேட்டும் தரவில்லை என்று அவர்களைத் திட்டியிருப்பேன். கேட்கவே விடாமல், திட்டுவதற்கு உங்களையும் சேர்த்து வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

கோலை இரும்புக்குப் போடவில்லை. துடைத்து எண்ணெய் தடவி வைத்தேன். இன்று பேத்தியின் பாவாடைத் துணியை அதில்தான் அளந்தேன். "டேப் இருக்கே அத்தை," என்றாள் மருமகள். இருக்கட்டும் என்றேன். நமக்கு எவ்வளவு குறைந்தாலும் நம் கையால் யாருக்கும் குறையக் கூடாது என்ற உங்கள் வழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது, எத்தனை கோபம் இருந்தாலும். கஜத்துக்குக் கஜம் விரலை வைத்துச் சேர்த்தேன். உங்களுடையது பெரிய கை. என் விரல் நாலு போதாதென்று ஐந்தாவதையும் வைக்கிறேன்.