தேவராஜ் சம்சாரத்துக்கு ஓட்டு

உத்திரமேரூர் தாலுகா,
27-9-2001.

என் வீட்டுக்காரர் அவர்களுக்கு, பவளம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் விஜயும் பூஜாவும் நலம். உங்கள் நலத்தைக் கேட்டு எழுத வேண்டிய அவசியமில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை ஏழரை மணிக்கு டிவியில் ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் சதை போட்டிருக்கிறீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். இதைப் போனில் சொல்ல மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் ஷாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டீர்கள். நம் ஊராட்சித் தலைவர் பதவியை இந்த முறை பெண்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். நான் நிற்கிறேன். நேற்று மனுத் தாக்கல் செய்தாயிற்று. என்னை எதிர்த்து நிற்பது கோவிந்தம்மாள். நிற்பது என்றால் பெயரளவில்தான். மைக் பிடிப்பது, கும்பிடுவது, வாக்குறுதி கொடுப்பது எல்லாம் அவள் புருஷன் ராஜாராம். அந்த அம்மா பின்னால் குடை பிடித்துக்கொண்டு போகிறாள்.

மனுவில் கணவர் பெயர் என்ற இடத்தில் வீராசாமி என்று எழுதினேன். கூட வந்த முனியன் சும்மா இருக்கக் கூடாதா? "டிவில உத்திரமேரூர் வீரான்னு பேரு போடுவாங்களே சார், அவருதான்" என்று பெருமையாகச் சொன்னான். வாங்கிய ஊழியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த தேவராஜா? பொண்டாட்டிய பெட்டியோட மழைல தள்ளினானே, அவனா?" என்றார். வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பினார்கள். சார், அது சீரியல் என்றேன். "தெரியும்மா தெரியும், இருந்தாலும்..." என்று இழுத்தார். அந்த இருந்தாலும் வேறு ஒன்றுமில்லை, என் மேல் இரக்கம்.

உங்கள் தொழிலை நான் எப்போதும் குறை சொன்னதில்லை. மாகறல் திருவிழாவில் இன்ஸ்பெக்டர் வேஷம் கட்டின ஆளைத்தான் எனக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். விஜய் கைக்குழந்தையாக இருக்கும்போது மெட்ராஸ் போனீர்கள். சபா நாடகத்தில் பத்து வருஷம் வேலைக்காரன், போஸ்ட்மேன், மாப்பிள்ளையின் தாய்மாமன். சினிமாவில் இரண்டு படத்தில் பிணம். ஒரு படத்தில் டாக்டர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இருபத்து நாலு மணி நேரம் போகட்டும் என்று சொன்னதோடு சரி. அந்த ஒரு வரிக்காக நான் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு காஞ்சிபுரம் போய் நாலு முறை அந்தப் படத்தைப் பார்த்தேன். இப்போதுதான் பதினாறு வருஷத்துக்குப் பிறகு பெரிய வேஷம் கிடைத்திருக்கிறது. சந்தோஷம். அது பொண்டாட்டியைத் துரத்துகிற வேஷமாக இருந்து தொலைக்க வேண்டுமா?

ராஜாராம் டீக்கடையில், "வூட்டுக்காரனயே வச்சிக்க முடியல, இவ ஊர இன்னா வச்சிக்கப் போறா" என்று பேசிக்கொண்டிருக்கிறான். இதற்கு நான் பதில் சொல்ல முடியாது. நீங்கள்தான் சொல்ல முடியும். ஒன்றும் பேச வேண்டாம். இரண்டு நாள் வந்து என் கூடத் தெருவில் நடந்தால் போதும். எட்டு மாதமாகிறது நீங்கள் வந்து.

அவசியம் வரவும்.

இப்படிக்கு,
உங்கள் பவளம்.


9-10-2001.

என் வீட்டுக்காரர் அவர்களுக்கு, பவளம் எழுதிக்கொண்டது.

உங்களை எதிர்பார்த்தேன். உங்கள் மேக்கப்மேன் அருள்தாஸ் வந்தார், ஒரு பெரிய கட்டோடு. பிரித்தால் முந்நூறு போட்டோ. எல்லாம் நீங்கள், எல்லாவற்றிலும் கையெழுத்து. "அண்ணனால வர முடியல அண்ணி, இத வீடு வீடா குடுங்க, ஓட்டு கொட்டும்" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டு, அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். உங்களுக்கு நிஜமாகவே இதுதான் தோன்றியதா? நான் கேட்டது ஆளை.

நான் ஒன்றைக்கூடக் கொடுக்கவில்லை. விஜய் ஆசைப்பட்டுப் பத்து போட்டோவை நண்பர்களிடம் கொடுத்தான். மறுநாள் காலை பத்தும் ராஜாராமின் ஆட்கள் கையில். பஸ் நிறுத்தத்திலிருந்து ரேஷன் கடை வரை ஒட்டி, கீழே சிவப்பு மையில் "சொந்த சம்சாரத்துக்கே இந்தக் கதி" என்று எழுதியிருந்தார்கள். பூஜா பள்ளிக்கூடம் போகிற வழியில் தன் அப்பா முகத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றாளாம். ஆசிரியர் வந்து கூட்டிப் போயிருக்கிறார். இதை உங்களுக்கு எழுத வேண்டாம் என்று அவள் கேட்டாள். எழுதுகிறேன்.

நான் வேலையைச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்கிறேன். ஏரிக் கால்வாயில் வேலிகாத்தான் முள் மண்டிக் கிடக்கிறது, கடைக்கோடி வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை. ஏரிக்கரை இருளர் தெருவில் முப்பது குடும்பத்துக்குக் குடிக்க ஒரு கைப்பம்பு கிடையாது. எட்டு வருஷமாகக் கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதி எழுதித்தான் என் கையெழுத்து இவ்வளவு திருத்தமாக ஆயிற்று. ஆனால் எந்த வாசலில் நின்றாலும் பேச்சு கால்வாய்க்கு வருவதில்லை. பக்கத்து வீட்டுக் கன்னியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த சிறுக்கி கூடத்தான் கீறாராம்மே?" என்று அழுகிறாள். சீரியலில் வருகிற சின்ன வீட்டைச் சொல்கிறாள். அது நடிக்கிற பெண், அவளுக்குக் குடும்பம் குழந்தை எல்லாம் இருக்கிறது, ஷூட்டிங் முடிந்தால் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று விளக்கினேன். கன்னியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப இவுரு ஏன் வூட்டுக்கு வர்ல?"

எனக்கு அடுத்த தெருவில் வேலை இருந்தது. போய்விட்டேன்.

தேர்தல் 16ஆம் தேதி, செவ்வாய். அதற்குள் வர முடியுமா என்று ஒரு வரி எழுதவும். போட்டோ வேண்டாம்.

பவளம்.


22-10-2001.

அன்புள்ள வீராசாமி அவர்களுக்கு,

பெயர் சொல்லி எழுதுகிறேன் என்று கோபிக்க வேண்டாம். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று அரை மணி நேரம் யோசித்தும் தெரியவில்லை.

நான் ஜெயித்துவிட்டேன். முப்பத்தெட்டு ஓட்டு வித்தியாசம். நேற்று உத்திரமேரூரில் எண்ணினார்கள். எப்படி ஜெயித்தேன் என்று கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை.

தேர்தலுக்கு முந்தின நாள் திங்கட்கிழமை, உங்கள் சீரியலில் கோர்ட் காட்சி. தேவராஜ் கூண்டில் ஏறி, தன் சம்சாரத்தைக் காட்டி, இவளை நான் பார்த்ததே இல்லை என்கிறான். நன்றாகத்தான் நடித்தீர்கள். கண் இமைக்காமல் சொன்னீர்கள். பூஜா எழுந்து உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் பள்ளிக்கூட வாசலில் பெண்கள் வரிசை. வழக்கமாக மத்தியானம் சமைத்து வைத்துவிட்டு வருகிறவர்கள், முகம் சிவந்து வந்து நின்றார்கள். "நாங்க கீறோம் பவளம், நீ அழுவாத" என்று சொல்லிக்கொண்டே போனார்கள். நான் அழவே இல்லை. செல்லாத ஓட்டில் மூன்று எனக்கு விழுந்தவை. முத்திரை குத்தினது போதாதென்று ஒரு புண்ணியவதி சீட்டில் "பாவம்" என்று எழுதியிருந்தாள்.

எட்டு வருஷம் அலைந்ததற்கு விழாத ஓட்டு, நீங்கள் என்னைத் தெரியாது என்று சொன்னதற்கு விழுந்ததே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாலை போட வந்தவர்களிடம் சிரிக்கக்கூட முடியவில்லை. அப்போது ஏரிக்கரையிலிருந்து மாசியும் அவன் பெண்டாட்டி சின்னபொண்ணும் வந்தார்கள். அவர்கள் தெருவில் நாற்பத்தாறு ஓட்டு. உங்களுக்குமா என் மேல் பாவம் என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். சின்னபொண்ணு விழித்தாள். "இன்னா பாவம்? எங்க தெருவுல ஏதும்மா டிவி, கரண்டே கெடையாது. நாங்க பம்புக்குப் போட்டோம். எப்ப வரும்?" என்றாள். அந்த இடத்தில்தான் எனக்கு அழுகை வந்தது. தை மாதத்துக்குள் என்று சொல்லியிருக்கிறேன். சொன்னதைச் செய்ய வேண்டும்.

எண்ணிக்கை முடிந்ததும் முதலில் உங்களுக்குத்தான் சொல்ல நினைத்தேன். என்ன இருந்தாலும் அப்படித்தான் தோன்றியது. பஸ் ஸ்டாண்டு எஸ்.டி.டி. பூத்திலிருந்து, அவசரத்துக்கு மட்டும் என்று நீங்கள் கொடுத்திருந்த நம்பருக்குப் போட்டேன். ஒரு பெண் எடுத்தார். நல்ல மரியாதையான குரல். "அவர் குளிச்சிக்கிட்டு இருக்கார், நீங்க யார் பேசுறீங்க?" என்று கேட்டார். பின்னால் ஒரு குழந்தை, அப்பா துண்டு கேக்கறார்மா என்று கத்தியது. ஊராட்சித் தலைவர் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அவர் யார் என்று நான் கேட்கப் போவதில்லை. அந்தக் குழந்தைக்கு ஐந்து வயது இருக்குமா, ஆறா, அதையும் கேட்கவில்லை. கன்னியம்மாவுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போனதே என்றுதான் என் மேலேயே எரிச்சலாக வருகிறது. ஊருக்கெல்லாம் அது சீரியல், அது சீரியல் என்று விளக்கிக்கொண்டு திரிந்தேனே.

வருகிற வியாழக்கிழமை 25ஆம் தேதி காலை பத்து மணிக்கு ஊராட்சி அலுவலகத்தில் பதவியேற்பு. வர வேண்டும் என்று எழுத மாட்டேன். ராஜாராம் இனி டீக்கடையில் என்ன பேசினாலும் எனக்குக் கவலை இல்லை.

ஆனால் விஜயும் பூஜாவும் கேட்கிறார்கள். அப்பாவுக்கு ஜெயித்தது தெரியுமா, என்ன சொன்னார் என்று கேட்கிறார்கள். நான் எது சொன்னாலும் அவர்கள் அம்மா கோபத்தில் சொல்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். அதனால் நீங்களே அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். யாரோ எழுதிக் கொடுத்ததையெல்லாம் பதினாறு வருஷமாக உயிரைக் கொடுத்துப் பேசிவிட்டீர்கள். இந்த ஒன்றை நீங்களே எழுதுங்கள். பெரிதாக வேண்டாம், உள்ளது உள்ளபடி இருந்தால் போதும். பூஜாவுக்குப் பதினான்கு வயது, புரிந்துகொள்வாள்.

மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது. உங்களுக்கு நெஞ்சுச் சளி பிடிக்கும். மழைக் காட்சி என்றால் முடிந்ததும் தலையைத் துவட்டச் சொல்லி அந்த அம்மாவிடம் சொல்லி வையுங்கள். நீங்கள் நல்லபடியாக இருக்க வேண்டும். இன்னும் பெரிய வேஷங்கள் உங்களுக்குக் கிடைக்க வேண்டும்.

இப்படிக்கு,
பவளம்.