செருப்பை ஒளித்தவளுக்கு

புஷ்பம்,

நீ பம்பில் தண்ணி அடிச்சுக்கினு இருக்கும்போதே ஓட்டுப் போடக் கிளம்பிட்டேன். கஞ்சியை மூடி வெச்சிருக்கேன். சாவி ஜன்னல்ல.

நான் போகக் கூடாதுன்னு என் செருப்பை ஒளிச்சு வெச்சியே, கெட்டிக்காரி! நீ வெறுங்காலோட போனது என் அதிர்ஷ்டம். உன் செருப்பை மாட்டிக்கினு போறேன். பாதிக் குதிகால் தரையில தேயுது. தெருவே சிரிக்கும், சிரிக்கட்டும்.

போன மாசம் நம்ம ஊர்ல குண்டு வெடிச்ச சத்தம் இன்னும் உன் காதை விட்டுப் போகலை, தெரியும். ஆனா இன்னிக்கு ஆளுக்கு நாற்பது போலீஸ். எறும்பு கூட சீட்டு காட்டிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்குள்ள போகுதாம்!

"உன் ஒரு ஓட்டுல இன்னா கிழியப் போவுது?"ன்னு ராத்திரி கத்தினே. ஒண்ணும் கிழியாது. ஆனா இன்னிக்கு வூட்டுக்குள்ள உட்கார்ந்துட்டா, நாளைக்குக் கடைத்தெருவுக்குப் போகவும் பயப்படுவேன் புஷ்பம். அதுக்குத்தான் போறேன்.

நீ வரலைன்னா உன் கட்சி ஒரே ஓட்டுல தோத்துடும். அப்புறம் என்னைத் திட்டாதே.

செல்வநாதன்

இன்னொண்ணு: வரிசையில வர்றவங்களை எல்லாம் முன்னாடி விட்டுட்டு நிப்பேன். தனியா உள்ள போக எனக்கும் கால் வராது. நீ ஒளிச்ச என் செருப்பைப் போட்டுக்கினு வந்துடு.