காலடியில் ரோடு தெரிந்த கார்

அன்புள்ள சரசு,

உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. கண்ணெதிரே இருக்கிறவளுக்கு எதற்குக் கடுதாசி? கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் நீ உன் அம்மா வீட்டில் சேர்ந்தாற்போல ஒரு வாரம் தங்கியது கிடையாது. இரண்டாம் நாளே, "உங்களுக்கு யாரு சோறு, வெஞ்சனம் வைப்பா" என்று பஸ் ஏறி வந்துவிடுவாய். இப்போது ஒரு வருஷமும் சில மாதங்களும் ஆகிவிட்டன, ஒரு தகவலும் இல்லை. எனக்குக் கோபம்தான் வருகிறது, போ.

ஒரு சேதி சொல்லத்தான் உட்கார்ந்தேன். நம் வீட்டுக்குக் கார் வாங்கியிருக்கிறேன். சிரிக்காதே. செருப்பு வாங்கப் போனாலே கடைக்காரன் கொடுத்ததை வாங்கி வந்து கடிபடுகிற மனுஷனா கார் வாங்கினான் என்று நீ கேட்பது எனக்குக் காதில் விழுகிறது. அதைத்தான் சொல்லப் போகிறேன், கொஞ்சம் பொறு.

எல்லாம் நம் பாக்கியத்துக்காகத்தான். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிப்போன பிள்ளையை, சின்னாளபட்டிப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது முடிக்கும்வரை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனவள் நீ. திண்டுக்கல் பெண்கள் பள்ளியில் ஆறாவது சேர்த்தபோது பஸ்ஸிலும் தூக்கி ஏற்றினாய். நீ காய்ச்சலில் போனாய், அதோடு அவள் படிப்பும் நின்றது. இரும்புச் சட்டம் போட்ட பூட்ஸோடு அவளால் பஸ் படி ஏற முடியாது. நான் தூக்கி ஏற்றுவதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிடுவார். ஒரு வாரம், கடைக்குப் போகும் சேலை மூட்டையை ஒரு கையிலும் அவளை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு தடுமாறினேன். எட்டாம் நாள் அவளே, "நான் வீட்டுலயே இருக்கேம்ப்பா" என்றாள். நானும் சரியென்று விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

மாசி மாதம் பெரிய டீச்சரம்மா ஆள் மூலம் சொல்லியனுப்பினார். ஜூனில் பள்ளி திறக்கும்போது வந்தால் ஏழாவதில் உட்கார்த்தி வைப்பார்களாம். இந்தத் தடவையும் வராவிட்டால் பேரை எடுத்துவிடுவார்களாம். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

நம் மூட்டைகளை ஏற்றும் வேன்காரரிடம் மைதானத்தில் ஓட்டப் பழகினேன். ஒரு முருங்கை மரத்தைச் சாய்த்துவிட்டு லைசென்சும் வாங்கினேன். புதுக் காருக்குப் பதிந்தால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார்கள். பழசுதான் வழி. ஆனால் ஓட்டத் தெரிந்தால் ஆயிற்றா? நல்ல வண்டி எது, நொள்ளை வண்டி எது என்று எனக்கு எப்படித் தெரியும்?

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பட்டறை வைத்திருக்கிற காதர் பாயிடம் போய் நின்றேன். அவர் சொல்லச் சொல்ல ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். காலையில் வண்டி ஆறிக் கிடக்கும்போதே போய்விட வேண்டும். பானெட்டில் கையை வைத்துப் பார்க்க வேண்டும். ஆறின வண்டி மக்கர் பண்ணாமல் கிளம்புகிறதா என்பதுதான் முதல் விஷயம். புகை நீலமாக வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது என்று அர்த்தம். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் தண்ணீரில் எண்ணெய் மிதக்கக் கூடாது. டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் எங்கேயோ பலமாக அடி வாங்கியிருக்கிறது. புதுப் பெயின்ட் பளபளத்தால் சந்தேகப்பட வேண்டும். உள்ளே காலடியில் விரித்திருக்கிற மிதியடியைத் தூக்கி, தரைத் தகரம் துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற எஞ்சின் நம்பரும் வண்டியில் இருக்கிற நம்பரும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டு, நானே கூட வருகிறேன், தனியாகப் போய்விடாதீர்கள் என்றார்.

அவர் பேசும்போதெல்லாம் எனக்கு உன் நினைப்புத்தான். கத்தரிக்காய் வாங்கினாலும் காம்பைத் தூக்கிப் பார்க்கிறவள் ஆயிற்றே நீ. உன்னைக் கூட்டிக்கொண்டு போனால் பாய்கூடத் தேவைப்பட்டிருக்காது.

செம்பட்டி தாண்டி ஒரு தோட்டத்து வீட்டில் கறுப்புப் பிளஷர் கார் ஒன்று விலைக்கு இருப்பதாகத் தகவல் வந்தது. அந்தப் பெரியவர், நீங்கள் பஸ்ஸில் அலைய வேண்டாம், வண்டியையே அனுப்புகிறேன், மகளையும் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் கை நனைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. கார் நம் தெருவுக்குள் வந்து நின்றபோது தறிச் சத்தமெல்லாம் நின்று, எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். இவ்வளவு மரியாதை செய்கிறவர் வீட்டுக்கு ஒரு மெக்கானிக்கை இழுத்துக்கொண்டு போனால் என்ன நினைப்பார்? அவரை நம்பவில்லை என்றல்லவா ஆகும்? பாயிடம் சொல்லாமலே ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

வண்டியே வந்து அழைத்துப் போனதால் அது ஆறிக் கிடந்து நான் பார்க்கவேயில்லை. அது என் மண்டையில் ஏறவும் இல்லை. போய் இறங்கியதும் பானெட்டில் கையை வைத்தேன், சுட்டது. ஓடி வந்த வண்டி சுடத்தானே செய்யும்? இலை போட்டு, வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டார்கள். அதைத் தின்றுவிட்டு அவர் வண்டியின் மிதியடியை எப்படித் தூக்கிப் பார்ப்பது, நீயே சொல். பத்திரிகை சட்டைப் பையை விட்டு வெளியே வரவில்லை.

ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள் என்று சாவியைக் கொடுத்து, பெரியவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பாக்கியம் பின்னால் இருந்தாள். எஞ்சின் சத்தம் அம்புட்டு மெதுவாக இருந்தது. எனக்கு வண்டி அப்போதே சொந்தமாகிவிட்ட மாதிரி ஒரு கிறுக்கு. அந்த நேரம் பாக்கியம் என் காதருகே குனிந்தாள்.

"அப்பா, என் பூட்ஸு உள்ள போயிருச்சு. கீழ ரோடு தெரியுதுப்பா."

"சும்மா இரும்மா" என்றேன். ஆமாம் சரசு, அப்படித்தான் சொன்னேன். பெரியவர் காதில் விழுந்துவிடுமே என்கிற கூச்சம்.

அவர் வீட்டுக்குத் திரும்பியதும் வெற்றிலைத் தட்டு வந்தது. தட்டை வாங்கிக்கொண்டால் பேச்சு முடிந்துபோயிற்று. அப்புறம் வேண்டாமென்றால் நம் பக்கத்தில் யார் முகத்திலும் விழிக்க முடியாது என்று உனக்குத் தெரியும். நான் கையை நீட்டிவிட்டேன். அப்போதுதான் பாக்கியத்தைப் பார்த்தேன். கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, குனிந்து, பாவாடை நுனியால் காலில் வடிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துருப்பிடித்த தகரம் கிழித்திருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை. சும்மா இரு என்று சொன்னவனிடம் என்னத்தைச் சொல்வாள்?

நீட்டின கையை இழுத்துக்கொண்டேன். "ஐயா, வண்டி வேண்டாங்கய்யா. தரை ஓட்டையாக் கெடக்கு. எம்மக கால கிழிச்சிருச்சு."

பெரியவர் முகம் சுண்டிப்போயிற்று. கை நனைத்துவிட்டுக் குற்றம் சொல்கிறீர்களே என்றார். கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன், ஆனால் தட்டைத் தொடவில்லை. ஒரு பெரிய மனுஷர் முகத்துக்கு நேராக நான் வேண்டாமென்று சொன்னது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. நீ இருந்து பார்த்திருக்க வேண்டும்.

திரும்பிப் போக அவர் வண்டி தரவில்லை, எனக்கும் கேட்க வாய் வரவில்லை. பஸ் போகும் ரோட்டுக்கு ஒரு மைல். சித்திரை வெயிலில் பாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் அந்த இரும்பும் சேர்ந்து என்ன கனம் சரசு! கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை இறக்கி வைத்தேன். கனக்கிறதா என்று கேட்டாள். பொய் சொல்ல மூச்சு இல்லை, கனக்குதும்மா என்றேன்.

"அம்மா ஒருநாளும் கனக்குதுன்னு சொன்னதில்லப்பா."

ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். அவளும் அழுதாள். நீ போன அன்றைக்குக்கூட நாங்கள் இரண்டு பேரும் அப்படிச் சேர்ந்து அழவில்லை. இடுப்பு வலிக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொள்வாயே, நாள் முழுக்கக் குனிந்து சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவதால் என்றுதானே நான் நினைத்தேன்? ஒரு நாளாவது சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் நான் தூக்கியிருப்பேனா, இல்லை அதற்கும் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேனா?

மறுநாள் காதர் பாய் என்னைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். "வண்டிய அனுப்பி வைக்கிறேன்னதுமே தெரிய வேணாமா? சூடேத்தி விட்டா எந்தக் கெழட்டு வண்டியும் நல்லாத்தான் வரும்" என்றார். அந்தப் பெரியவர் தெரிந்து செய்தாரா, மெய்யாகவே மரியாதைக்கு அனுப்பினாரா, எனக்கு இன்றுவரை புரியவில்லை. தின்ற சோற்றுக்கு அவரைத் திட்டவும் மனசு வரவில்லை.

வைகாசியில் திண்டுக்கல்லிலேயே ஒரு பழைய ஓவர்சியர் வீட்டுக்கு, முன்கூட்டிச் சொல்லாமல், விடிந்தும் விடியாததுமாகப் பாயையும் பாக்கியத்தையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். காப்பி குடியுங்கள் என்றார், அப்புறம் ஆகட்டும் என்றுவிட்டேன். பானெட் ஜில்லென்று இருந்தது. இரண்டாம் தடவையிலேயே கிளம்பிற்று, புகையும் சுத்தம். பார்க்க லட்சணமான வண்டி என்று சொல்ல மாட்டேன். சாம்பல் நிறம், அங்கங்கே பெயின்ட் உரிந்து கிடக்கும், பின்கதவு ஒன்றை வெளியிலிருந்துதான் திறக்க வேண்டும். பாய் அடியில் படுத்துப் புரண்டு பார்த்தார். மிதியடியைத் தூக்கியது மட்டும் பாக்கியம்தான். நாலு மூலையும் தூக்கிப் பார்த்து, விரலை மடக்கித் தட்டிப் பார்த்து, தரை கெட்டியாக இருக்கிறது என்று தலையாட்டினாள். உன்னை உரித்து வைத்த மாதிரி இருந்தது. அதற்கப்புறம்தான் நான் காப்பியைக் குடித்தேன், வெற்றிலையையும் எடுத்துக்கொண்டேன்.

இன்றைக்குப் பள்ளிக்கூடம் திறந்தது. நம் தெருவில் ஆளாளுக்கு ஒரு கேலி. "முருங்க மரத்துக்காரவுக வாராக, ஓரமா நில்லுங்கப்பா" என்றார்கள். பேசட்டும். பள்ளி வாசலில் நிறுத்தி, உள்ளே கொண்டுவந்து விடட்டுமா என்றேன். வேண்டாமென்று கக்கத்துக் கட்டையை ஊன்றி அவளே இறங்கிப் போனாள். ஏழாவதில் ஜன்னலோரம் இடம் கொடுத்திருக்கிறார்களாம். பழைய சிநேகிதிகள் எல்லாம் இப்போது எட்டாவதாம், அது மட்டும் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்.

சாயங்காலம் கூட்டிக்கொண்டு வரும்போது, கார் எப்படிம்மா இருக்கு என்று பெருமையாகக் கேட்டேன். வெளியே வயலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நல்லாத்தான் இருக்குப்பா. ஆனா அம்மா இடுப்புல இருந்தா இன்னும் ஒசரமாத் தெரியும்."

வரும் வழியிலேயே தையல்காரர் கடை வாசலில் வண்டியை ஓரங்கட்டினேன்.

அவள் சீட்டுக்கு இலவம்பஞ்சில் ஒரு திண்டு தைக்கச் சொல்லியிருக்கிறேன். உன் உயரம் வராது, எனக்குத் தெரியும். ஆனாலும் இந்தப் பிள்ளையை இனி ஒருநாள்கூடப் பள்ளிக்கூடம் தவற விடமாட்டேன், சரசு. வண்டி ஓடினால் வண்டியில் போவாள். வண்டி நின்றுபோனால் நான் தூக்கிக்கொண்டு போவேன், கனக்கிறது என்று சொல்லவே மாட்டேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்,
பாக்கியத்துக்கு அப்பனும் இப்போது அம்மாவும்