கோட்டைச் சுவரிலிருந்து விழுகிறவர்

சேசு மரி சூசை

சாந்தோம், மயிலாப்பூர்
17 ஜனவரி 1944

அன்புள்ள நோராவுக்கு,

நான் நலம். உன் நலமும், மச்சான் ஆம்ப்ரோஸ் வீட்டார் நலமும் அறிய ஆவல்.

தோளைப் பற்றிக் கேட்டிருந்தாய். டாக்டர் பார்த்துவிட்டார். இனி பாரில் தொங்கினால் கை கம்பியிலும் நீ தரையிலும் இருப்பாய் என்றார். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். ஆகவே ஜிம்னாஸ்டிக்ஸ் முடிந்தது. காலையில் எழுந்ததும் உள்ளங்கையில் பூசச் சுண்ணாம்புப் பொடியைத் தேடுகிறேன். மற்றபடி பெரிய துக்கம் ஒன்றும் இல்லை.

டிரில் மாஸ்டர் வேலையும் இல்லை என்பது உனக்குத் தெரிந்ததுதான். ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து ஊரை விட்டுப் போன பள்ளிக்கூடம் இன்னும் திரும்பவில்லை, உன்னைப் போலவே.

தியாகராய நகரில் சண்முகவேல் என்று ஒருவர். திருநெல்வேலிக்காரர். ஜவுளிக்கடையை அண்ணன் தலையில் கட்டிவிட்டு நாடக சபை நடத்துகிறார். யுத்தக் காட்சியில் அம்பு பட்டுக் கோட்டைச் சுவரிலிருந்து விழ ஓர் ஆள் வேண்டுமாம். இதுவரை விழுந்தவர்கள் எல்லோரும் கீழே இடம் பார்த்துவிட்டு விழுந்தார்களாம். நான் ஒப்புக்கொண்டேன். பாரில் தொங்க முடியாத தோளோடும் விழ முடிகிறது. உனக்குப் பிடிக்காது என்று தெரிந்தே எழுதுகிறேன்.

உன் அன்புள்ள,
இக்னேஷியஸ்

*

சேசு மரி சூசை

திருச்சிராப்பள்ளி
29 ஜனவரி 1944

அன்பும் மரியாதையும் உள்ள என் கணவர் அவர்களுக்கு,

தோத்திரம். கடிதம் கிடைத்தது. பிடிக்கவில்லை. உங்களை அல்ல, விஷயம்தான் பிடிக்கவில்லை.

ஆம்ப்ரோஸ் அண்ணனுக்கு இரண்டு நாளாக என் மேல் கோபம். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கோயிலில் கேட்டால், வாராவாரம் செத்து விழுகிறார் என்று சொல்லவா என்கிறார். ஆனாலும் நல்ல மனிதர். தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் ஜூன் முதல் டிரில் மாஸ்டர் வேலை காலியாகிறது என்று விசாரித்து வந்திருக்கிறார். மானேஜர் சாமியார் ஈஸ்டர் வரை யாருக்கும் கொடுக்கமாட்டாராம்.

எனக்கு இங்கே கான்வென்ட் பள்ளியில் வேலை நிரந்தரமாகிவிட்டது. இதை விட்டுவிட்டு வந்தால் திரும்பக் கிடைக்காது. நீங்கள் வந்துவிட்டால் நாம் ஒரே வீட்டில் இருக்கலாம். இரண்டு வருஷமாக ஒரு தட்டு மட்டும் கழுவிக் கவிழ்த்து வைக்கிறேன். வேறு ஆசை எதுவும் எனக்கு இல்லை.

தோளுக்கு நல்லெண்ணெயைச் சுடவைத்துத் தேய்க்கவும்.

உங்கள் நோரா

*

சேசு மரி சூசை

சாந்தோம்
21 பிப்ரவரி 1944

அன்புள்ள நோராவுக்கு,

முதல் நாடகம் முடிந்தது. நீ சிரிக்க ஒரு சமாசாரம்.

அம்பு பட்டது. சுவர் மேலிருந்து தலைகீழாகச் சுழன்று விழுந்தேன். அழகான விழுகை என்று நானே சொல்லிக்கொள்ளலாம். விழுந்து தரை தொட்ட கணமே எழுந்து, குதிகால்கள் ஒட்ட, இரண்டு கையையும் உயர்த்தி நின்றுவிட்டேன், பாரிலிருந்து இறங்கியதும் நிற்பது போல. நெஞ்சில் அம்பு ஆடிக்கொண்டிருக்கிறது. சபை விழுந்து விழுந்து சிரித்தது. ராஜா வேஷக்காரர் வெள்ளைச்சாமி என் சாவுக்குச் சொல்ல வேண்டிய வசனத்தை விழுங்கிவிட்டார்.

உள்ளே வந்ததும் படுதா இழுக்கும் கரீமுல்லா, “இன்னா நைனா, செத்துட்டு சலாம் போட்டுக்கினு நிக்கிறியே!” என்றார். சண்முகவேல் சிரிக்கவில்லை. “விழத் தெரிஞ்சா போதுமாவே? கெடக்கத் தெரியணும்” என்றார்.

உடம்பு கேட்கவில்லை, நோரா. காலுக்குத் தரை தட்டினால் நிமிர வேண்டும் என்றே இத்தனை வருஷமும் பழக்கியிருக்கிறேன். இப்போது தினமும் காலையில் அடையாறு கடற்கரை மணலில் விழுந்து கிடந்து பழகுகிறேன். நண்டு பிடிக்க வருகிறவர்கள் முதலில் பயந்தார்கள். இப்போது சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

திருச்சி வேலையைப் பற்றி ஈஸ்டருக்குள் சொல்கிறேன். மச்சானுக்கு என் நன்றியைச் சொல்.

உன் அன்புள்ள,
இக்னேஷியஸ்

*

சேசு மரி சூசை

திருச்சிராப்பள்ளி
8 மார்ச் 1944

என் அன்புக் கணவர் அவர்களுக்கு,

தோத்திரம். வகுப்பில் பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது சலாம் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். டீச்சருக்கு என்ன ஆயிற்று என்று பிள்ளைகள் பார்த்தார்கள்.

எனக்குத் தெரிந்த நீங்கள் அதுதான். எப்படி விழுந்தாலும் நின்றுதான் முடிப்பீர்கள். நின்றதும் கூட்டத்தில் நான் எங்கே என்று தேடுவீர்கள். சைதாப்பேட்டைப் போட்டியில் உங்களை முதலில் பார்த்தபோது, யாரைத் தேடுகிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் சுவர்தான் இருந்தது.

நாடகம் உங்களுக்கு ஒத்துவராது. வந்துவிடுங்கள். பதில் வருமென்று காத்திருந்தால் நீங்கள் அடுத்த ஈஸ்டர் வரை இழுப்பீர்கள். திருநாள் கழிந்ததும் நானே வந்து கையோடு கூட்டிப்போகிறேன். சென்னையில் இருக்கும் சித்தி மகள் கிளாடிஸுக்கும் எழுதிவிட்டேன்.

உங்கள் நோரா

*

சேசு மரி சூசை

திருச்சிராப்பள்ளி
20 ஏப்ரல் 1944

என் கணவர் அவர்களுக்கு,

தோத்திரம். பத்திரமாக வந்து சேர்ந்தேன். உங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் ரயில் ஏறியதற்குக் காரணம் எழுத வேண்டும்.

உங்கள் நாடகத்தை ஒரு தடவையாவது பார்த்துவிட்டு, வாசலில் நின்று உங்களைத் திடுக்கிட வைக்கலாம் என்றுதான் கிளாடிஸோடு தியாகராய நகர் கொட்டகைக்கு வந்தேன். நீங்கள் விழுந்தீர்கள். எழுந்து நிற்பீர்கள், சிரிக்கலாம் என்று கைக்குட்டையைக் கூடத் தயாராக வைத்திருந்தேன். நீங்கள் எழவில்லை. கழுத்து ஒரு பக்கம் மடங்கி, அந்த நோய்த் தோள் அடியில் மாட்டிக்கொண்டு கிடந்தது. யாரும் ஓடி வரவில்லை. ராஜா தன் பாட்டுக்கு வசனம் பேசிக்கொண்டிருந்தார்.

மேடை மேல் எப்படி ஏறினேன் என்று தெரியாது. உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் கூட ‘அவர்’ என்றுதான் சொல்லியிருக்கிறேன். அத்தனை பேர் நடுவில் இக்னேஷியஸ், இக்னேஷியஸ் என்று கத்தினேன். உங்கள் கன்னத்தில் அடித்தேன்.

மூச்சு என் கையில் பட்டது. உயிர் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கூப்பிடுவது நான் என்று உங்களுக்கும் தெரிந்துவிட்டது. இமை துடித்ததைப் பார்த்தேன். நீங்கள் கண்ணைத் திறக்கவில்லை.

படுதா விழுந்தது. யாரோ ஒரு பெரியவர், “வா தாயி, ஒண்ணுமில்லே” என்று என்னைக் கீழே இறக்கிவிட்டார். நான் நிற்கவில்லை.

வெட்கக்கேடு என்கிறார் அண்ணன். எனக்கு வெட்கம் இல்லை. வலிக்கிறது. மானேஜர் சாமியார் வேலையை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. உங்கள் முடிவை நீங்களே எழுதுங்கள்.

உங்கள் நோரா

*

சேசு மரி சூசை

சாந்தோம்
2 மே 1944

அன்புள்ள நோராவுக்கு,

நீ முதல் தடவை கூப்பிட்டபோதே கேட்டது.

காட்சி முடியவில்லை, கண்ணைத் திறந்திருந்தால் சபை உன்னையும் சேர்த்துச் சிரித்திருக்கும் என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதுவும் உண்மைதான். உனக்கு மிச்சத்தையும் எழுதுகிறேன். திறக்க வேண்டும் என்று தவித்தேன். திறக்காமல் இருக்க முடிந்தது. என்னால் முடிந்துவிட்டது என்று தெரிந்தபோது, அங்கேயே, உன் கை என் கன்னத்தில் இருக்கும்போதே, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முதன்முதலில் பாரில் முழுச் சுற்றுச் சுற்றி வந்த நாளில் இருந்த சந்தோஷம். நீ வெளியே நிற்பாய் என்று வேஷத்தோடு ஓடி வந்தேன். நீ இல்லை.

டிரில் மாஸ்டர் வேலையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல். வெயிலில் நின்று விசில் ஊதி, என்னால் இனி முடியாததைப் பிள்ளைகள் செய்வதைப் பார்க்க என்னால் ஆகாது. நீ இங்கே வா. நிரந்தர வேலையை விட்டுவிட்டு வா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

இன்னொன்று. அன்று யாரும் சிரிக்கவில்லை. வசனச் சத்தத்தில் நீ கூப்பிட்ட பெயர் அவர்களுக்குப் பிடிபடவில்லை போலும், நீயும் நாடகத்தில் ஒருத்தி என்று நினைத்து அழுதார்களாம். “அந்தக் கட்டம் இனிமே தெனம் வேணும்வே” என்கிறார் சண்முகவேல். செத்த வீரனின் மனைவியாக ஓடி வருவதற்குத் தேவானை என்ற நடிகையை அமர்த்தியிருக்கிறார். ஒத்திகையில் அந்த அம்மாள் ‘பிராணநாதா’ என்று மெதுவாக மண்டியிட்டு அழுகிறாள். உன் சம்மதம் இல்லாமல் மேடையில் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

உன்,
இக்னேஷியஸ்

*

சேசு மரி சூசை

திருச்சிராப்பள்ளி
15 மே 1944

அன்புள்ளவருக்கு,

தோத்திரம். சந்தோஷம் என்று எழுதியதை நீங்கள் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. அதற்கு நன்றி. அதைப் படித்த பிறகுதான் முடிவு எடுக்க முடிந்தது.

வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. எனக்குக் கான்வென்ட் காம்பவுண்டிலேயே வீடு கொடுக்கிறார்கள். ஒருத்திக்குப் போதும். லீவுக்கும் நான் சென்னைக்கு வரவில்லை. வரச்சொல்லி இனி எழுத வேண்டாம். எழுதினால் வந்துவிடுவேன். வந்து தினமும் உங்கள் முகத்தைப் பார்த்து, இது நடிப்பா என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

தேவானை வரட்டும். எனக்குச் சம்மதம். ஆனால் யாரும் பிராணநாதா என்று கத்தமாட்டார்கள். அந்த வீரனின் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். மெதுவாக மண்டியிட வேண்டாம், ஓடி வந்த வேகத்தில் முழங்கால் தட்ட வேண்டும். எனக்கு இன்னும் காயம் ஆறவில்லை. முதலில் அழக் கூடாது. திட்ட வேண்டும். அழுகை மூச்சுக்காற்று கையில் பட்ட பிறகுதான் வரும்.

உங்களுக்கும் ஒன்று. அந்த அம்மாள் எவ்வளவு நன்றாகக் கூப்பிட்டாலும் கண்ணைத் திறந்துவிடாதீர்கள். எனக்குத் திறக்காத கண்ணை இன்னொருத்திக்குத் திறந்தீர்கள் என்று கேள்விப்பட்டால் என்னால் தாங்க முடியாது.

இப்படிக்கு,
நோரா